சைக்கிள் சரி, கூடாரம் எதற்கு?

மும்பையில் சைக்கிள் நெடும்பயணத்துக்கு நூறாண்டு வயதாகிவிட்டது. 1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார்கள். ஆதி ஹகீம், ஜால் பாபசோலா, ரஸ்தம் பும்காரா ஆகிய மூவர் மட்டும் 71,000 கி.மீ. அளவுக்கு மிதித்துமுடித்து 1928 மார்ச்சில் திரும்பினார்கள். அவர்கள் எழுதிய பயண நூலுக்கு முன்னுரை தந்தவர் ஜவாஹர்லால் நேரு. கட்டுமஸ்தான இளைஞர்களின் சாகசம் அது. "இன்னும் எவ்வளவு தூரம்பா?" என்று கேட்க அவர்களோடு யாரும் இருக்கவில்லை.

இன்றைக்கு மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் எழும் ஆசை வேறு. அப்பா, அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு சைக்கிளில் கொங்கண் கரையோரமாகப் போக வேண்டும். இருட்டினால் கூடாரம் அடித்துப் படுக்க வேண்டும். இந்த ஆசையின் முதல் பாதி எனக்குச் சம்மதம். இரண்டாம் பாதிதான் இடிக்கிறது.

கார்ப் பயணத்தில் வேகத்தை முடிவு செய்பவர் ஓட்டுகிறவர், மற்றவர்கள் சரக்கு. சைக்கிளில் அந்த அதிகாரம் குடும்பத்திலேயே வலு குறைந்தவருக்குப் போய்விடுகிறது. மாண்ட்வா படகுத்துறையிலிருந்து அலிபாக் சுமார் 20 கி.மீ., அங்கிருந்து ரேவ்தண்டா, காஷித் வழியாக முருட் ஏறக்குறைய 50. பயிற்சி உள்ளவர் மத்தியானத்துக்குள் முடிக்கிற தூரம். குடும்பத்துக்கு இரண்டு நாள். இந்தக் கரையின் இயல்பு அப்படி. கழிமுகம் வந்தால் சாலை இறங்கும், தாண்டியதும் செம்பாறை மேட்டில் ஏறும். ஏற்றத்தில் பத்து வயதுப் பெண் இறங்கித் தள்ள ஆரம்பித்தால் அப்பாவும் இறங்கித்தான் ஆக வேண்டும். கழன்ற சங்கிலியை விரலில் கரி படாமல் மாட்டத் தெரிந்த பையனுக்கு வீட்டில் அதுவரை இல்லாத மரியாதை வருகிறது. அகர்தாண்டாவிலிருந்து திகிக்குப் படகேறும்போது யார் சைக்கிளை யார் பிடித்துக்கொள்வது என்பதைக்கூடப் பேசித்தான் தீர்க்க வேண்டும். ஒன்றாக இருப்பதற்கென்று செய்கிற சுற்றுலாக்களில் இந்த அளவுக்கு ஒருவரை ஒருவர் கவனிக்க வைப்பது வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மும்பையை விட்டு வெளியேறுவதற்குள் பாதிச் சந்தோஷம் போய்விடும். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது கடற்பாலத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. புனே விரைவுச்சாலையிலும் இல்லை. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சயான், செம்பூர், மான்கூர்டு வழியாக வாஷி பாலம் ஏறலாம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளை ஓட்டவிட எந்தத் தாய்க்கும் மனம் வராது. 2011 முதல் அகலப்படுத்திக்கொண்டே இருக்கிற கோவா நெடுஞ்சாலையைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. புத்திசாலிகள் பாவுச்சா தக்கா துறையில், வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் ரோ-ரோ கப்பலில் சைக்கிளை ஏற்றி ஒரு மணி நேரத்தில் மாண்ட்வாவில் இறங்குகிறார்கள். சாலையின் குறையைக் கடல் ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு நெருடலும் உண்டு. தாராவியிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் இட்லிக்காரர் பின்கேரியரில் அலுமினியப் பாத்திரம், ஹேண்டில்பாரில் சட்னித் தூக்கு சகிதம் ஹாரனை அமுக்கிக்கொண்டு நகரத்தையே சுற்றுகிறார். சாலையில் சைக்கிளுக்கு இடம் கேட்கும் உரிமை முதலில் அவருக்குத்தான். வாரக்கடைசியில் ஹெல்மெட்டும் இறுக்கமான கால்சட்டையுமாகக் கிளம்பும் கூட்டம் தனக்கென்று தனிப்பாதை கேட்கும்போது அவரைச் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் தெருக்காரர்களிடம் போய்க் கூடாரத்தில் தங்குவது ஆனந்தம் என்று சொல்லிப் பாருங்கள். தார்ப்பாய்க் கூரையும் பொதுக் கழிப்பறை வரிசையும் பிடித்துவைத்த தண்ணீரும் அவர்களில் பலருக்கு விடுமுறை அல்ல, அன்றாடம்.

கூடாரத்தை மறுக்க இது மட்டும் காரணமில்லை. 2008 முதல் 2011 வரை அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்முனைவரை இரட்டைப் பையன்களோடு மிதித்த அமெரிக்க வோகல் குடும்பத்துக்குக் கூடாரம் அவசியம். அந்த வழியில் வீடே கண்ணில் படாத தூரங்கள் உண்டு. கொங்கண் அப்படியா? நாகாவிலும் முருடிலும் திவேஆகரிலும் தென்னந்தோப்புக்கு நடுவே அறையும் சாப்பாடும் தருகிற வீடுகள் இருக்கின்றன. சுடச்சுட அரிசி பாக்ரி, சோல் கடி, மீன் வேண்டாமென்றால் பருப்பு. இதை விட்டுவிட்டு மணலில் அடுப்பு மூட்டினால் சமைப்பது யார்? பெரும்பாலும் அம்மா. பகல் முழுக்க எல்லோரோடும் சமமாக மிதித்தவர் சாயங்காலம் மறுபடி சமையலறைக்குள் போகிறார், கூரையில்லாத சமையலறை என்பதே வித்தியாசம். இருட்டில் ஒதுங்க இடம் தேடுவதும் அவர் பாடுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்தக் கடலில் ஓதம் நாலு மீட்டருக்கு மேல் ஏறும். மாலையில் பார்த்துவைத்த காய்ந்த மணல் நடுராத்திரி காய்ந்தே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

கூடாரம் சுதந்திரம் தருகிறது என்பார்கள், எங்கே களைத்தாலும் அங்கே படுக்கலாம் என்று. உண்மைதான், பிள்ளைகளுக்கு அதில் குதூகலமும் உண்டு. அதற்கு வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் தோப்பிலேயே ஒரு ராத்திரி அடித்துக்கொள்ளலாம், கழிப்பறையும் கிணறும் பக்கத்திலேயே இருக்கும். மற்றபடி நாலு பேருக்கான கூடாரமும் பாயும் அடுப்புமாகச் சுமப்பது ஏழெட்டுக் கிலோ, அதுவும் ஒவ்வொரு செம்பாறை ஏற்றத்திலும். அந்த எடையில் ஒரு பங்குக்கு உபரி டியூபும் கைப்பம்பும் எடுத்துப் போகலாம். விலை கூடிய சைக்கிள்கள் பலவற்றில் வரும் ஒல்லி வால்வுக்குக் கிராமத்துப் பஞ்சர் கடையின் காற்றுக்குழாய் பொருந்தாது. பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு ஹெர்குலஸுக்குக் காற்றடித்துவிடுகிற அந்தக் கடைக்காரர் உங்கள் சைக்கிளைப் பார்த்துத் தலையைச் சொறிவார்.