கப்பல் பட்டறைக்கு வந்த கதைசொல்லி

கமலாதேவி அரவிந்தனின் ‘செம்பவாங்’ நாவலைப் படித்து முடித்த கையோடு வீட்டில் இருந்தவர்களை எல்லாம் பிடித்து உட்காரவைத்துக் கதை சொன்னேன். அடுத்த வார இறுதியில் வடக்கே போகும் எம்ஆர்டியில் ஏறிவிட்டேன். ஒரு புத்தகம் ஆளை இப்படியா ஆட்டிவைக்கும்!

சிங்கப்பூர்த் தமிழர் கதை என்றால் சிராங்கூன் சாலை, தேக்கா, வீரமாகாளியம்மன் கோயில் என்று நமக்கெல்லாம் பழகிய தடம் ஒன்று உண்டு. தீவின் வடகோடியான செம்பவாங்கிலோ, ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி, பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தை நம்பி இன்னோர் உலகமே வாழ்ந்திருக்கிறது. தமிழர், மலையாளி, சீனர், மலாய்க்காரர் என எல்லாருக்கும் சோறு போட்ட தளம் அது. 1938 பிப்ரவரியில் அங்கே திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் கப்பல் துறை சுமார் 1,000 அடி நீளம். சரித்திரப் புத்தகங்களில் அதன் படம் உண்டு. அங்கே வேலை முடித்துக் களைத்து வந்தவர் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று சொல்ல மட்டும் ஒரு நாவலாசிரியர் வரவேண்டியிருந்தது.

வந்தவர் லேசுப்பட்டவரா? ஜொகூர் மாநிலத்து லாபீஸில் பிறந்து, சிங்கப்பூரில் வேரூன்றி, தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுதுபவர். நாடகத்தில் பல்லாண்டுக் காலம் ஊறியவர். ‘நுவல்’, ‘சூரிய கிரஹணத் தெரு’ சிறுகதைத் தொகுப்புகளைப் படித்தவர்களுக்கு அவர் கைவண்ணம் தெரியும். அவர் நாவலுக்குள் இறங்கியபோது நாடகக்காரரின் காதும் கூடவே வந்துவிட்டது. சில பக்கங்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அடடா, பேச்சு அப்படியே நாக்கில் உட்காருகிறது!

நாவல் எடுத்துக்கொண்ட 1960கள் என்ன லேசான காலமா? எஸ். வுட்ஹல் போன்றோர் வளர்த்த தொழிற்சங்கப் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. 1964இல் இனக்கலவரம், 1965இல் மலேசியாவிலிருந்து பிரிவு. பிறகு வெள்ளைக்காரர் மூட்டை கட்டுகிறார் என்ற செய்தி. தேதி போட்டு இவற்றைச் சொல்ல ஆயிரம் புத்தகங்கள் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய சாதாரணக் குடும்பங்களின் நடுவில் நின்று அந்தக் காலத்தைப் பார்க்கக் கொடுத்ததற்காகவே கமலாதேவிக்குக் கோடி நன்றி.

புத்தகமும் கையுமாகச் செம்பவாங்கில் நடந்து பாருங்கள். கான்பெரா, டர்பன், டெல்லி, ஒட்டாவா என்று பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து ஊர்களெல்லாம் சாலைப் பெயர்களாக நிற்கின்றன. 1968 டிசம்பரில் சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறிய கடற்படைப் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறை ஆனது. தள ஊழியர்கள் காவடி எடுத்த மரத்தடி முருகன் யீஷூனுக்கு இடம்பெயர்ந்துவிட்டார். இன்றும் அங்கே பங்குனி உத்திரத்தன்று கூட்டம் அலைமோதுகிறது. முன்பு நான் பேருந்தில் தூங்கியபடி கடந்த சாலைகள்தான் இவை. இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ வேலைக்குக் கிளம்புகிறார்கள், யாரோ ஊருக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

இன்னொரு சந்தோஷம்: நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் கமலாதேவியின் மகள் அனிதா தேவி பிள்ளை. மார்ஷல் கேவண்டிஷ் 2020இல் வெளியிட்டது. தமிழில் படிக்கத் திணறும் உங்கள் பிள்ளைகளுக்கு அதைக் கொடுங்கள். தாத்தா எந்த வாசல் வழியாக வேலைக்குப் போனார் என்று அவர்களே கேட்க ஆரம்பிப்பார்கள்.

துறைமுகத் தொழிலாளருக்கு, ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு, நகரத்தைத் துப்புரவு செய்தவர்களுக்கு என்று இந்தத் தீவின் ஒவ்வொரு பேட்டைக்கும் இப்படி ஒரு நாவல் வேண்டும். அதுவரை, நூலகத்தில் ‘செம்பவாங்’ கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். நான் சொந்தப் பிரதி வாங்கிவிட்டேன். இரவல் கேட்டால் தரமாட்டேன்!