தேவையான அளவுக்கு

சமையல் குறிப்புகளில் எனக்கு எப்போதும் எரிச்சல் தருவது உப்பு. மிளகு அரைக் கரண்டி, மல்லி இரண்டு கரண்டி, புளி ஒரு நெல்லிக்காய் அளவு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, 'உப்பு: தேவையான அளவு' என்று முடித்துவிடுவார்கள். சமைக்கத் தெரிந்தவருக்கு அந்தக் குறிப்பு வேண்டியதில்லை, தெரியாதவருக்கு அது உதவாது. எழுதியவர் பொறுப்பை அடுப்படியில் நிற்பவரிடம் தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

அவுஸ்திரேலியத் தொழிற்கட்சியின் யாப்பிலும் இந்த உப்பு இருக்கிறது. கட்சி தன்னை ஜனநாயக சோசலிசக் கட்சி என்று இன்றும் சொல்லிக்கொள்கிறது. தொழில், உற்பத்தி, விநியோகம், பரிவர்த்தனை ஆகியவற்றை ஜனநாயக முறையில் சமூகமயமாக்குவது அதன் குறிக்கோள். அதோடு நிற்காமல் வாசகம் தொடர்கிறது: அத்துறைகளில் உள்ள சுரண்டலையும் பிற சமூகவிரோதத் தன்மைகளையும் ஒழிக்கத் தேவையான அளவுக்கு.

இந்தக் கட்சிக்கு நான் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து வாக்களித்து வருகிறேன். வென்ற்வேர்த்வில்லிலும் டண்டினோங்கிலும் எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். ஆனால் அதன் யாப்பையோ மாநாடு மாநாடாகத் திருத்தப்படும் கொள்கைப் பிரகடனத்தையோ எடுத்துப் படித்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நானும் தாமதமாகத்தான் படித்தேன். என் தொழிலில் ஒரு நிரலின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து, மாறிய வரிகளை மட்டும் படிப்பது வழக்கம். எந்த வரி எப்போது நுழைந்தது, எது காணாமல் போனது என்று பார்த்தால் எழுதியவர்களின் மனம் தெரியும். ஒரு கட்சியின் வாசகங்களையும் அப்படிப் படிக்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் முயற்சி.

1905இல் மெல்பேர்ணில் கூடிய மாநாடு ஏற்றுக்கொண்ட குறிக்கோளில் இரண்டு பகுதிகள். உழைப்பின் முழுப்பயனை உற்பத்தி செய்பவர்களுக்கே பெற்றுத்தருவது, ஏகபோகங்களைக் கூட்டுடைமையாக்குவது என்பன இரண்டாம் பகுதி. முதலாம் பகுதி இனத்தூய்மையைப் பேணுவதை அடிப்படையாகக் கொண்ட அவுஸ்திரேலிய உணர்வை வளர்ப்பது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் இனம், பிறகு உடைமை. இதைச் சிலர் அந்தக் காலத்து அறியாமை என்று மன்னித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'எல்லோருக்கும்' என்று எழுதுவதற்கு முன் அந்த எல்லோரும் யார் என்று தெளிவாக வரையறுத்திருக்கிறார்கள். ஒழுங்கான வரைவாளரின் வேலை அது.

1921இல் பிரிஸ்பேனில் கூடிய மாநாடுதான் சமூகமயமாக்கலை நேரடியாகக் குறிக்கோள் ஆக்கியது. தீர்மானம் நிறைவேறிய மாநாட்டிலேயே மொறிஸ் பிளாக்பர்ண் ஒரு விளக்கம் கொண்டுவந்தார்: சுரண்டல் இல்லாமல், சமூகத்துக்குப் பயன்படும் விதத்தில் ஒருவர் தன் உடைமையை வைத்திருந்தால் அதை ஒழிப்பது கட்சியின் நோக்கம் அன்று. பிளாக்பர்ண் நேர்மையான மனிதர், பின்னாளில் தன் கருத்துகளுக்காகக் கட்சியிலிருந்தே வெளியேற்றப்பட்டவர். அவர் திறந்த அந்தச் சிறு கதவு வழியாகத்தான் பின்னர் 'தேவையான அளவுக்கு' உள்ளே வந்து உட்கார்ந்தது. 1911இல் சட்டமியற்றி கொமன்வெல்த் வங்கியை உருவாக்கியது தொழிற்கட்சி அரசு. 1991இல் அதன் பங்குகளை விற்கத் தொடங்கியதும் தொழிற்கட்சி அரசு. 1990இல் விசேட மாநாடு கூடி விமானக் கம்பனிகளை விற்க வழிவிட்டது. குறிக்கோள் வாசகத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தேவையான அளவு குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஓர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் போகாது. கற்பனை நாடுகளின் ஆளும் சோசலிசக் கட்சிகளை எழுதியவர்கள் எல்லோருக்கும் அதுவே பால பாடம். களஞ்சியச் சுவரில் எழுதப்பட்ட கட்டளைகளின் வாலில் இரண்டு சொற்கள் முளைக்கின்றன. ஓரிரவு ஏணி முறிந்து விழுந்து, பக்கத்தில் வண்ண வாளியும் தூரிகையும் கிடக்கின்றன. அந்தக் காட்சியை முதலில் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்போது படித்தால், ஓர்வெல் ஒரு விடயத்தை எளிதாக்கிவிட்டார் என்று தோன்றுகிறது. வாலில் சொல் சேர்ப்பதற்கு இருட்டும் ஏணியும் வேண்டியதில்லை. தொலைக்காட்சிக் கமராக்களுக்கு முன்னால், பிரதிநிதிகள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, முறைப்படி முன்மொழிந்து வழிமொழிந்து செய்யலாம். ஆடுகள் கத்த வேண்டியதும் இல்லை, கைதூக்கினால் போதும்.

நம் பக்கத்திலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1955 சனவரியில் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, நேரு பிரதமராகவும் காமராஜர் மாநில முதலமைச்சராகவும் இருந்தபோது, நாட்டின் இலக்கு சோசலிசம் என்று சொல்லாமல் சோசலிச மாதிரியான சமுதாயம் என்று தீர்மானித்தது. தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 'மாதிரி' என்ற சொல்லை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். 'வாற மாதிரி' என்று ஒருவர் சொன்னால் அவர் வரமாட்டார்.

ஆவடி சிரிப்பில் முடிந்துவிடுகிறது. கொழும்பு அப்படி முடியவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று எச்சரித்தவர் லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. அந்த வாக்கியத்தை நம் வீடுகளில் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். என் தாத்தா தலைமுறை இடதுசாரிகளை நம்பியதற்கு அந்த ஒரு வாக்கியமே போதுமாயிருந்தது. 1964 யூன் மாதம் கட்சியின் விசேட மாநாடு சுதந்திரக் கட்சியோடு கூட்டரசில் சேர்வதென்று பெரும்பான்மையாகத் தீர்மானித்தது. எதிர்த்த எட்மண்ட் சமரக்கொடியும் பாலா தம்புவும் வெளியேறினார்கள், என். எம். பெரேரா நிதியமைச்சரானார். 1966 சனவரியில் தமிழ் மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராக வீதியில் இறங்கியவர்களோடு சமசமாஜிகளும் நின்றார்கள். 1972இல் சிங்களத்தை அரசகரும மொழியாகவும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருவதாகவும் எழுதிய குடியரசு யாப்பின் சிற்பி, அரசியலமைப்பு விவகார அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா.

அந்த 1956 வாக்கியத்தை அவர் திரும்பப் பெற்றதாக எங்கும் இல்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை. ஒரு வாக்கியத்தை அழிக்காமலே செல்லாக்காசு ஆக்கலாம் என்பதை ஈழத்தமிழர் அறிந்த அளவுக்கு ஓர்வெல்லும் அறிந்திருக்க மாட்டார். இதனால்தான் நம்மில் பலருக்கு 'கட்சிகள் என்ன எழுதினால் என்ன, செயலைப் பார்' என்ற பழக்கம் வந்தது. அது நியாயமான கசப்பு. ஆனாலும் அதில் ஒரு பிழை இருக்கிறது, அதைக் காட்டுவதற்கு நாம் இங்கே இருப்பதே சாட்சி.

1965இல் சிட்னியில் கூடிய மாநாடு 'வெள்ளை அவுஸ்திரேலியா' என்ற சொற்களைக் கொள்கைப் பிரகடனத்திலிருந்து எடுத்தது. டொன் டன்ஸ்ரனும் விற்லமும் அதற்காக வருடக்கணக்காக உழைத்திருந்தார்கள், தலைவர் ஆதர் கோல்வெல்லுக்கு அதில் மனமில்லை. எடுத்த இடத்தில் என்ன வைத்தார்கள் என்று பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறு வாழ்க்கைத் தரமும் மரபும் பண்பாடும் கொண்ட மக்கள் பெருந்தொகையாக வருவதால் எழக்கூடிய கடினமான சமூக, பொருளாதாரப் பிரச்சினைகளைத் தவிர்ப்பது என்று வைத்தார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வேலியை விட்டுவைத்தது போல. 1971இல் லோன்செஸ்ரன் மாநாடு அந்த வேலியையும் பிடுங்கி, இனம், தோலின் நிறம், தேசியம் எதன் பெயராலும் பாகுபாடு இல்லை என்று எழுதியது. ஆட்சிக்கு வந்த விற்லம் 1973இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கட்சிக்குள் சொல் முதலில் மாறியது, ஆட்சியில் செயல் எட்டு ஆண்டுகள் கழித்து வந்தது. 1983க்குப் பிறகு நம்மவர்கள் இங்கே வந்து இறங்கியபோது, அந்த மண்டபங்களில் நடந்த வாக்கியச் சண்டைகளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அதன் பயனை அனுபவித்தோம்.

இனி 2015. யூலை 24 முதல் 26 வரை மெல்பேர்ணில் தேசிய மாநாடு, கட்சி எதிர்க்கட்சியாக இருந்த காலம். முந்திய ஆண்டு யூன் மாதம் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகில் 157 பேர், பெரும்பாலும் ஈழத்தமிழர், சுங்கக் கப்பலில் ஏறத்தாழ ஒரு மாதம் கடலிலேயே அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள். இன்னொரு படகில் வந்த 41 பேர் நடுக்கடலில் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். 157 பேரின் வழக்கில் உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று அரசின் பக்கம் தீர்ப்பளித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மாநாட்டில், படகுகளைத் திருப்பி அனுப்புவதைக் கட்சி மறுக்க வேண்டும் என்ற திருத்தத்தை அண்ட்ரூ கைல்ஸ் கொண்டுவந்தார். அது தோற்றது. அல்பனீசி திருத்தத்தின் பக்கம் நின்றார். குடும்பமும் குழந்தைகளும் இருக்கும் படகைத் தன்னால் திருப்ப முடியாதென்றால், இன்னொருவரை அதைச் செய்யச் சொல்ல முடியாது என்ற கருத்தில் அவர் பேசினார்.

அந்தச் சனிக்கிழமை மகளை நடன வகுப்பில் விட்டுவிட்டுக் காரில் இருந்தபடி தொலைபேசியில் அந்த விவாதத்தைப் பார்த்தேன். மண்டபம் அரைமணி நேர ஓட்டம். போகவில்லை. வகுப்பு முடிந்ததும் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கலை வடிவமாகப் பார்த்தால், அந்த மாநாட்டின் நுட்பம் எழுதப்படாத வாக்கியத்தில் இருந்தது. படகைத் திருப்பு என்று யாரும் எழுதவில்லை. திருப்பாதே என்று எழுதுவதைத் தடுத்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே மனிதாபிமான அடிப்படையில் ஏற்கப்படுவோர் தொகையை 27,000 ஆக உயர்த்துவோம் என்று நல்ல வரியும் வந்தது. தோற்ற தரப்பினர் அழுதுகொண்டே வீட்டுக்குப் போகலாம், வென்ற தரப்பினர் தாம் கொடியவர்கள் இல்லை என்று நம்பலாம். இருவருமே பிறகு ஒரே அமைச்சரவையில் உட்காரலாம். உட்கார்ந்தார்கள். 2022இல் அல்பனீசி பிரதமர், கைல்ஸ் குடிவரவு அமைச்சர், படகுகளைத் திருப்பும் கொள்கை அப்படியே. நம் புலம்பெயர் புனைவில் இயக்கக் கூட்டங்கள் எத்தனையோ வந்துவிட்டன. இப்படி யாரும் யாரையும் சுடாத, தேநீர் இடைவேளை உள்ள ஒரு மண்டபத்தில் நம் ஆட்களின் தலைவிதி தீர்வதை எழுதிய கதை ஒன்றையும் நான் இதுவரை படிக்கவில்லை.

வாக்கியம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு 2024இல் ஒரு பதில் கிடைத்தது. பாலஸ்தீனத்தை அங்கீகரிப்பது கட்சியின் கொள்கைப் பிரகடனத்தில் இருந்தது. யூன் 25ஆம் நாள் பசுமைக் கட்சி அதையே செனற்றில் தீர்மானமாகக் கொண்டுவந்தது. தொழிற்கட்சி அதன் வாலில் 'சமாதான முயற்சியின் ஒரு பகுதியாக' என்று சேர்க்கப் பார்த்தது. மீண்டும் உப்பு. அது சரிவராமல் போக, ஆப்கான் அகதிக் குடும்பத்தில் பிறந்த செனற்றர் பாத்திமா பேமன் எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தார். பிரகடனத்தில் உள்ளதைத்தான் செய்தேன் என்றார். மறுபடியும் செய்வேன் என்றதும் கட்சிக் குழுவிலிருந்து இடைநிறுத்தினார்கள், யூலை 4ஆம் நாள் கட்சியை விட்டே விலகினார். 2025 செப்ரெம்பரில் அரசு பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது. ஒரு வாக்கியத்தை அதன் சொற்படி படித்ததும், அதைப் பதினைந்து மாதம் முந்திப் படித்ததும் அவர் செய்த குற்றங்கள்.

2023 ஓகஸ்ட் பிரிஸ்பேன் மாநாட்டில் நீர்மூழ்கிக் கப்பல் ஒப்பந்தமே பெரிய பேச்சு. இடதுசாரி அணிக்கு அங்கே பலம் அதிகமாக இருந்தும் ஒப்பந்தம் தப்பியது. அந்த ஆண்டு பெப்ரவரியில் தற்காலிக விசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு அரசு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்திருந்தது. அது பெரிய காரியம், நம்மவர் பலரின் வாழ்க்கை அதனால் மாறியது. முந்திய அரசின் அவசர விசாரணை முறையில் நிராகரிக்கப்பட்டவர்கள் அதற்குள் வரவில்லை. அவர்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர். மாநாடு முடிந்து ஐந்து வாரத்தில், செப்ரெம்பர் 22ஆம் நாள், தமிழ்ப் பெண்களும் ஈரானியப் பெண்களுமாக 22 பேர் மெல்பேர்ணிலிருந்து கன்பராவுக்கு நடக்கத் தொடங்கினார்கள். புறப்பட்ட இடம் அண்ட்ரூ கைல்ஸின் அலுவலக வாசல். அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் நடந்து, ஒக்ரோபர் 18ஆம் நாள் அவர்கள் பாராளுமன்ற முன்றலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.