எடை போடும் முன் மூடியைத் திறங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பழைய வீடுகளில் பீரோவைத் துழாவினால், சில சமயம் நகைப்பெட்டியின் அடியில் ஒரு தங்கக் கைக்கடிகாரம் கிடைக்கும். கல்யாணத்தில் மாமனார் மாப்பிள்ளைக்குப் போட்டதாக இருக்கும். பர்மாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய் வந்தவர் வாங்கி வந்ததாகவும் இருக்கலாம். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்தில், மில் ஊர்களில் பெரும்பாலோருக்கு நேரம் சொன்னது சங்குதான். கையில் கடிகாரம், அதுவும் தங்கத்தில் என்றால், அது ஒரு கௌரவம். இன்று அதை எடுப்பவர்கள் நேரே நகைக்கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் எடை பார்க்கிறார். அந்தக் கடிகாரம் யார், எந்த ஊர், எந்தக் காலம் என்று அது தானே சொல்லும், கேட்பதற்குத்தான் ஆளில்லை.

முதலில் டயலைப் பாருங்கள். ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், ஒமேகா போன்ற பெயர்கள் நம் பக்கத்துக்குப் பழக்கமானவை. சிலவற்றில் தயாரித்தவர் பெயரோடு விற்ற கடையின் பெயரும் இருக்கும். சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் இருந்தால், கடிகாரம் வந்த வழியில் ஒரு ஊர் தெரிந்துவிட்டது. ஆனால் டயலை மட்டும் நம்பக் கூடாது. மங்கியதைப் புதிதாக எழுதிக் கொடுப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எழுத்து தடித்து, கோடு நடுங்கி, பளபளப்பு மட்டும் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உண்மை மூடியின் உட்புறத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 1880-இல் வந்த சட்டப்படி, 18 காரட் கேஸில், அதாவது கடிகாரத்தின் கூட்டில், ஹெல்வெஷியா என்ற பெண்ணின் தலையையும், 14 காரட்டில் நிமிர்ந்து உட்கார்ந்த அணிலையும் எள்ளளவில் பொறித்தார்கள். பக்கத்தில் 0.750 அல்லது 0.585 என்ற எண் இருக்கும். 916 பார்த்துப் பழகிய நமக்கு 750 குறைவாகத் தோன்றலாம். தினமும் கையில் கிடந்து இடிபடும் கேஸுக்கு 22 காரட் மிக மென்மையானது. அதனால்தான் செம்பும் வெள்ளியும் கலந்து கெட்டியாக்கினார்கள். செம்பு கூடிய கேஸில் வரும் அந்த இளஞ்சிவப்புச் சாயலுக்கு ஈடான அழகு எனக்குத் தெரிந்து வேறில்லை.

கேஸில் ‘20 மைக்ரான்’ என்று இருந்தால் அது முலாம். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம். பட்டை சேரும் கொம்புகளின் முனையில் தேய்ந்து உள்ளே உலோகம் தெரிகிறதா என்று பாருங்கள். முலாம் என்பதால் மதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். 1961-இல் கடிகாரத்தில் இறங்கிய எச்.எம்.டி.யின் ‘காஞ்சன்’ முலாம் பூசியதுதான். கல்யாண வீடுகள் அதைத் தேடி அலைந்தன.

மூன்றாவது, மெஷின். ‘17 ஜுவல்ஸ்’ என்பது அச்சுகள் சுழலும் இடங்களில் பதித்த செயற்கை மாணிக்கக் கற்களின் கணக்கு. தேய்மானத்தைத் தடுப்பதே அவற்றின் வேலை. சாவி கொடுத்ததும் பேலன்ஸ் வீல் மூச்செடுக்கும். அந்தக் காலத்து மெஷின்கள் பெரும்பாலும் மணிக்கு 18,000 முறை துடித்தன, அதாவது விநாடிக்கு ஐந்து. மூடியின் உள்ளே ஊசியால் கீறிய சிறு எண்கள் தென்பட்டால் அழுக்கென்று துடைக்காதீர்கள். முன்பு ரிப்பேர் பார்த்தவர்கள் தங்களுக்காக வைத்த குறிப்புகள் அவை.

மூடியைக் கத்தியால் நெம்பாதீர்கள். உரைகல்லில் தேய்க்கவும் விடாதீர்கள். வயதான வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லி, டயல், மூடி, மெஷின் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். உருக்கினால் கேஸின் தங்கத்துக்கு மட்டுமே காசு. மெஷின் குப்பைக்குப் போகும். அதைச் செய்த கைகளும் அதைக் கட்டியிருந்த கையும் இனி வரப்போவதில்லை. விற்பதென்றாலும், என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்பதே முறை.