பழைய பவர் டில்லர்: குனிந்து பார்த்து வாங்குங்கள்

பினாங்கின் இரண்டாவது பாலம் 2014-இல் திறந்தது. தீவிலிருந்து அதில் போய் இறங்கினால் பத்து காவான். அங்கிருந்து சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப், நிபோங் திபால் வரை, நம் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த பூமி. அந்தப் பக்கம் ஓர் ஏக்கரில் வெண்டை, கத்தரி, கீரை போடுகிறவருக்குப் புது டிராக்டர் கட்டுப்படியாகாது. பழைய கை டில்லர்தான் கதி. யன்மார் டிஎஃப்85 எஞ்சின் பூட்டிய ஒன்றை ஓட்டிப் பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒற்றை சிலிண்டர், 493 சிசி, அதிகபட்சம் 8.5 குதிரைத்திறன். பேட்டரி வேண்டாம். இடது கையால் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கிராங்க்கைச் சுற்றி, வேகம் வந்ததும் லீவரை விட்டால் 'டப் டப்' என்று பிடித்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டி வகையில் மேலே ஒரு சிவப்பு மிதவை உண்டு. அது தாழ்ந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். உதிரி பாகமும் எளிதில் கிடைக்கிறது.

சிக்கல் கீழே இருக்கிறது. வயல் சேற்றில் உழைத்த வண்டி என்றால் ஆயில் சீல் தேய்ந்து கியர் பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்கும். அடியில் உள்ள போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெயைச் சொட்டவிடுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் விலை பேசவே வேண்டாம். பிறகு ரோட்டரி தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். லொடலொடவென்றால் பேரிங் போய்விட்டது. கத்தி தேய்ந்திருந்தால் கவலை இல்லை, கழற்றி மாட்டுவதுதானே. கத்தி பூட்டும் பட்டையில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் யோசியுங்கள். புதுப் பெயிண்ட் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் சொல்லாமல் போய், ஆறிய எஞ்சினைக் கிளப்பச் சொல்லுங்கள்.

களிமண்ணில் மழை விட்ட மறுநாளே இறங்கினால் கத்தியில் அப்பிக்கொள்ளும். உழுத இடம் காய்ந்ததும் கட்டி கட்டியாக இறுகும். கையில் பிடித்த மண் உதிரும்வரை பொறுப்பது நல்லது. முதல் ஓட்டம் மேலாக, இரண்டாவது ஆழமாக. சரிவில் இறங்கும்போது மட்டும் ஜாக்கிரதை: வலது கிளட்ச்சைப் பிடித்தால் வண்டி இடது பக்கம் திரும்பும். ரிவர்ஸில் ரோட்டரி சுழலவே கூடாது. அதைத் தடுக்கும் பூட்டு பழைய வண்டிகளில் உடைந்து கிடக்கலாம்; அதைச் சரிசெய்யாமல் தோட்டத்தில் இறக்காதீர்கள், போவது கால்.

தீபகற்பத்தில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியது. தகுதியுள்ள விவசாயிக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகையும் அப்போது அறிவித்தார்கள். சிறு தோட்டத்துக்கு இந்த எஞ்சின் குடிக்கும் டீசல் பெரிய செலவில்லை.

அரை ஏக்கருக்குள் என்றால் வாடகைக்கு ஆள் பிடியுங்கள். ஒன்றிரண்டு ஏக்கருக்கு, கியர் எண்ணெய் சுத்தமாக இருந்தால், தாராளமாக வாங்கலாம். அதற்கு மேல் நிலமுள்ளவர்கள் ஜப்பானிலிருந்து வரும் பழைய நாலு சக்கர டிராக்டர்களைப் பார்ப்பதே சரி.