கார்டு இல்லாதவன் எதை இழந்தான்?

எங்கப்பா ஒரு பஞ்சாலையில் இருபத்திரண்டு வருசம் கூட்டிப் பெருக்கினார். கக்கூசும் கழுவினார். ஆலையை மூடினப்ப கணக்கு முடிக்கக் கூப்பிட்ட பட்டியலில் அவர் பேர் இல்லை. 'நீ கான்ட்ராக்ட் ஆளு, மஸ்டர்ல வரமாட்ட'ன்னு சொல்லிட்டாங்க. யூனியன்காரங்க வாயே திறக்கல. லின் நாட்டேஜ் எழுதிய 'ஸ்வெட்' நாடகத்தை இந்த ஞாபகத்தோடுதான் படித்தேன். வேறு மாதிரி படிக்க எனக்குத் தெரியாது.

நாட்டேஜ் அமெரிக்கக் கறுப்பினப் பெண். நாடகம் 2015இல் மேடையேறி 2017இல் புலிட்சர் பரிசு பெற்றது. பென்சில்வேனியா மாநிலத்தில் ரெடிங் என்ற தொழில் நகரம். அங்கே ஒரு மதுக்கடை. 2000ஆம் வருசம். எஃகுக் குழாய் ஆலைத் தொழிலாளர்கள் கூடும் இடம் அது. வெள்ளைக்காரி டிரேசியும் கறுப்புப் பெண் சிந்தியாவும் அங்கே பல வருசச் சிநேகிதிகள். ரெண்டு பேருமே மேலதிகாரி வேலைக்கு மனுப் போடுறாங்க. சிந்தியாவுக்குக் கிடைக்கிறது. உடனே, கறுப்பியா இருக்கிறதாலதான் கொடுத்தாங்கன்னு டிரேசி பேச ஆரம்பிக்கிறாள். 'கோட்டாவுல வந்தவன்' என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு விடுமுறையில் மிஷின்களைக் கழற்றி எடுத்துப் போய்விடுகிறார்கள். 1994இல் நடைமுறைக்கு வந்த நாஃப்டா ஒப்பந்தம் மெக்சிகோவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கூலியைக் குறைக்கச் சம்மதிக்காதவர்களுக்குக் கதவடைப்பு.

இப்படி வேலை போனவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா? செய்தது. 1962இல், கென்னடி காலத்திலேயே, 'டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ்' என்று சட்டம் போட்டார்கள். அந்நிய வணிகத்தால் வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சி, பயிற்சிக் காலத்தில் வாரப் பணம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் முதல் ஏழு வருசம் தொழிலாளர் மனு ஒன்றுகூடத் தேறவில்லை. 1974இல் விதிகளைத் தளர்த்தினார்கள். நாஃப்டா வந்தபோது அதற்கென்று தனிப் பிரிவும் சேர்த்தார்கள். ஒப்பந்தத்தை எதிர்ப்பவன் வாயை அடைக்கவும் அது உதவியது. 2022 ஜூலையில் புது மனுக்களுக்குச் சான்று கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மிஷின் போன வழி திறந்தே கிடக்கிறது. மனு போகிற வழி மட்டும் மூடிவிட்டது.

நாட்டேஜ் இந்த உதவியைப் பிரசங்கமாக்கவில்லை. சிந்தியாவின் கணவன் புரூசி, ஜவுளி ஆலைக் கதவடைப்பில் தெருவுக்கு வந்தவன், பயிற்சிக்குப் பேர் கொடுக்கப் போகிறான். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அவனைப் பார்த்து, நீங்கதான் எங்க வேலையைப் பறிச்சீங்க என்கிறார். ரெண்டு பேரும் வேலை போனவங்கதான், ரெண்டு பேரும் ஒரே பயிற்சிக்குத்தான் வந்திருக்காங்க. அப்பவும் நிறம் முன்னால வந்து நிற்குது. நிவாரண வரிசையிலும் சாதி உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எனக்கு முக்கியமானவன் ஆஸ்கார். மதுக்கடையில் மேசை துடைக்கிற கொலம்பிய வம்சத்துப் பையன். பிறந்தது அந்த ஊர்ப் பக்கம்தான். ஆனாலும் அந்நியன். அவன் அப்பா ஆலையில் தரை கூட்டியவர். யூனியன் கார்டு கொடுக்கவில்லை. மகன் கதவடைப்பு நேரத்தில் மணிக்குப் பதினொரு டாலர் கூலிக்கு உள்ளே போகிறான். கருங்காலி என்று அடி விழுகிறது. எந்த நாளும் உன்னைச் சேர்க்காத சங்கத்துக்கு நீ எதற்கு விசுவாசம் காட்டணும்? 1928இல் பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் எழுப்பிய கேள்வியும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நெசவுப் பிரிவுக்குள் நம்மவர்களை விடாதவர்கள், எந்த உரிமைக்காக நம்மைச் சேர்ந்து நிற்கச் சொல்கிறார்கள்?

நாட்டேஜிடம் எனக்கு ஒரு குறை உண்டு. டிரேசியின் வலிக்கு இடம் தாராளம். ஆஸ்காரின் வீட்டுக்குள் நாடகம் ஒரு தடவைகூடப் போகவில்லை. கடைசியில் அந்தச் சண்டையில் மூளை அடிபட்டுப்போன கடைக்காரரை ஆஸ்காரே பார்த்துக்கொள்கிறான். கண் கலங்கத்தான் செய்கிறது. ஆனாலும் கேட்கிறேன்: அடி வாங்கினவனேதான் கருணையும் காட்டணுமா? பீயும் மூத்திரமும் அள்ளுகிற பொறுப்பை எங்கள் தலையில் ஏற்றிவிட்டு அதற்குச் 'சேவை' என்று பேர் வைத்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இருந்தாலும், எந்த அரசாங்கப் படிவமும் கேட்காத ஒன்றை இந்த நாடகம் கேட்கவைக்கிறது. 'எப்போது வேலையை இழந்தாய்?' என்றுதான் படிவம் கேட்கும். 'உன்னை உள்ளே விட்டார்களா?' என்று கேட்பதில்லை. உள்ளே விடப்படாதவனுக்கு இழப்பும் இல்லை, ஈடும் இல்லை. எங்கப்பாகிட்ட மிச்சமிருந்தது ஒரு விளக்குமாறு. அதுவும் அவர் காசுல வாங்கினது.