சிவக்காத பித்தளை

தோட்டா உறைக்கான பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தகட்டை அழுத்திக் குழலாக இழுக்க இழுக்க அது இறுகும். உள்ளுக்குள் இழுவிசையும் தேங்கும். பிரிட்டிஷ் இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கியிருந்த தோட்டாக்களின் உறைகள் சும்மா இருக்கும்போதே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் தேங்கிய இழுவிசையும் கைகோத்ததே காரணம் என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1921-ல் விளக்கினார்கள். மருந்து எளிது: சுமார் 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால், கடினம் பெரிதாகக் குறையாமலே இழுவிசை தளர்ந்துவிடும். தேவையானதை மட்டும் தளர்த்தும் இந்த அளவறிவுதான் ரசிக்கத்தக்கது.

ஒரேயடியாகச் சிவக்கக் காய்ச்சினால் இன்னும் பாதுகாப்பல்லவா என்று கேட்கலாம். இல்லை. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பாகம் கடினமாகவே இருக்க வேண்டும். இளக வேண்டியது வாயும் கழுத்தும்தான். சூடு மிஞ்சினால் உலோகத்தின் படிக மணிகள் பருத்து, வளைக்கும்போது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். அப்படியானால் கழுத்தை இளக்கச் சரியான ஒரே எண் எது? அந்தக் கேள்வியே பாதிதான். உலையில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் மென்மையைச் சுடரில் சில நொடிகளில் பெற, வெப்பம் மிக அதிகம் வேண்டும். நேரத்தைச் சொல்லாமல் வெப்பநிலையை மட்டும் சொல்பவர் பதத்தைச் சொல்லவில்லை.