டீசல் டேங்கில் மண்ணெண்ணெய்

1976 முதல் 1985 வரை தயாரான மெர்சிடிஸ் டபிள்யூ123 வரிசை டீசல் கார்கள் ஜெர்மனியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடுங்குளிரில் டீசலோடு மண்ணெண்ணெய் கலந்துகொள்ளலாம், 50 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்று அவற்றின் கையேடு அனுமதிக்கிறது. பழைய டீசல் கார் வைத்திருப்போரில் ஒரு சாரார் இந்த அனுமதியை வேதவாக்காகவே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் டீசலில் மண்ணெண்ணெய் என்றால் ரேஷன் கடை நீல எண்ணெயும் கலப்பட வழக்கும்தான் நினைவுக்கு வரும். அங்கே அது பராமரிப்பின் ஓர் அங்கம். அந்த வழக்கத்தில் நியாயமே இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நியாயம் ஒரு காலத்து எரிபொருளுக்கும் ஒரே ஒரு கோளாறுக்கும் மட்டும் உரியது. குளிர்காலத்தில் வண்டி படுத்தும் பாட்டுக்கெல்லாம் அதையே மருந்தாக்கியதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

டீசலில் பாரஃபின் மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் ஏற ஏற அது சிறு படிகங்களாகத் திரண்டு, முதலில் எரிபொருளை மங்கலாக்கி, பிறகு ஃபில்டரை அடைத்துவிடும். மண்ணெண்ணெயில் அத்தகைய மெழுகு மிகக் குறைவு. கலந்தால் திரளும் வெப்பநிலை சில டிகிரி கீழே இறங்கும். தனிக் கருவி வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், ஒரு கேனும் புனலும் போதும். எளிமையில் இதற்கு இணையான உபாயம் அந்நாளில் வேறில்லை. இருந்தும் இது வருமுன் காக்கும் வழி மட்டுமே. ஏற்கெனவே திரண்ட மெழுகைக் குளிரிலேயே கரைக்கும் வேகம் மண்ணெண்ணெய்க்குக் கிடையாது. டீசலைவிட லேசானதால் அது டேங்கின் மேல்மட்டத்தில் தங்கிவிடும்; அடைப்போ கீழே குழாயிலும் ஃபில்டரிலும் இருக்கும். விடியற்காலையில் நின்றுபோன வண்டியின் டேங்கில் கேனைக் கவிழ்ப்பது வெறும் சடங்கு.

அதைவிட முக்கியமான கேள்வி, காலையில் கிளம்பாத வண்டிக்கு உண்மையில் மெழுகுதான் காரணமா என்பது. மெழுகு அடைப்புக்கு ஓர் அடையாளம் உண்டு: குழாயிலும் ஃபில்டரிலும் எஞ்சிய டீசலில் எஞ்சின் கிளம்பிவிடும், சிறிது நேரம் ஓடும், பிறகு மூச்சடைத்து நிற்கும். செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல், புகைக்குழாயில் வெள்ளைப் புகை மட்டும் வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று பொருள். அங்கே எரிபொருளைக் குறைசொல்லிப் பயனில்லை. இந்த எஞ்சின்களில் டீசல் முதலில் ஒரு சிற்றறைக்குள் பீய்ச்சப்படுகிறது. அதன் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், குளிரில் ஹீட்டர் பிளக் இல்லாமல் தீப்பிடிப்பது அரிது. 1980-ஐ ஒட்டி மாறும்வரை மெர்சிடிஸ் அந்த பிளக்குகளைத் தொடரிணைப்பில் வைத்திருந்தது; ஒன்று கருகினால் எல்லாமே அணைந்துவிடும். டாப்பெட் இடைவெளி இறுகினால் வால்வு சரியாக மூடாது, கம்ப்ரஷன் குறையும், அழுத்தத்தால் பிறக்க வேண்டிய சூடும் குறையும். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரி ஏறக்குறைய பாதி வலுவைத்தான் தரும். அதே குளிரில் கெட்டியான ஆயில் எஞ்சினைச் சுற்றவிடாமல் இழுக்கும். இவற்றில் எதையும் மண்ணெண்ணெய் சரிசெய்யாது. சொல்லப்போனால், தீப்பற்றும் விரைவைக் குறிக்கும் சீட்டேன் எண் பொதுவாக அதில் குறைவு. கம்ப்ரஷன் தளர்ந்த எஞ்சினில் பாதிக்குப் பாதி கலந்தால், டீசல் தடையின்றி ஓடும், எஞ்சின் மட்டும் முன்னைவிடத் தயங்கும்!

கையேட்டை மேற்கோள் காட்டுவோர், அது எழுதப்பட்ட நாளில் டீசல் எப்படி இருந்தது என்று கேட்பதில்லை. அன்றைய டீசலில் கந்தகம் மிகுதி. கந்தகத்தை நீக்கும் ஹைட்ரஜன் முறை, பம்பின் உலோகப் பரப்புகளை இயல்பாகக் காத்துவந்த சேர்மங்களையும் உடன் அகற்றிவிடுகிறது. ஐரோப்பாவில் 2009 முதல் கந்தக வரம்பு பத்து இலட்சத்தில் 10 பங்கு. இழந்த வழுவழுப்பை ஈடுசெய்ய ஆலையில் தனிச் சேர்ப்பான் கலக்கிறார்கள். அதில் பாதியளவு மண்ணெண்ணெயை ஊற்றினால் சேர்ப்பானும் பாதியாக நீர்த்துப்போகிறது. மெர்சிடிஸின் வரிசைப் பம்பில் கேம் தண்டுக்கு ஆயில் உண்டு, அதனால் ஓரளவு தாங்கும். பழைய ஃபோல்க்ஸ்வேகன் கோல்ஃப் போன்ற கார்களின் போஷ் சுழல்வகைப் பம்புக்கு டீசலைத் தவிர வேறு உயவு கிடையாது. தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. துருவப் பகுதிகளில் விற்கும் டீசலே மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய வடிப்புதானே, அதில் ஓடும் வண்டிகள் கெட்டா போய்விட்டன? கேள்வி சரியானது. ஆனால் அந்த எரிபொருள் சேர்ப்பானோடு வருகிறது. உரசல் சோதனையில் தேய்வுத் தடம் 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்ற ஐரோப்பிய வரம்புக்கு உட்பட்டது. வீட்டுக் கேனுக்கு அந்தச் சோதனை ஏது? நல்ல டீசலே எட்டாத இடத்தில் இருப்பவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு நான் இணங்குகிறேன். லடாக்கில் டீசல் உறைந்தால் டேங்கின் அடியில் தீ மூட்டிய ஓட்டுநர்கள் உண்டு; அதோடு ஒப்பிட மண்ணெண்ணெய் எவ்வளவோ மேல். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் பானிபட் ஆலையிலிருந்து, மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் குன்றாத டீசலை அங்கே கொண்டுசென்ற பிறகு, அந்த நியாயமும் சுருங்கிவிட்டது.

ஜெர்மனியில் நவம்பர் 16 முதல் பிப்ரவரி முடிய விற்கும் டீசல், மைனஸ் 20 டிகிரி வரை ஃபில்டரை அடைக்கக் கூடாது என்பது விதி. அன்றாடம் ஓடும் காருக்கு அதுவே போதும். மாட்டிக்கொள்வது, செப்டம்பரில் கோடை டீசல் நிரப்பிக் கொட்டகையில் நிறுத்தப்பட்ட அருமைக் கார்தான். பழைய கார்களில் பலவற்றின் வாழ்க்கை அப்படித்தான். அதற்கும் உறைபனிக்கு முன் டேங்கைக் காலியாக ஓட்டிக் குளிர்கால டீசலை நிரப்பி, ஃபில்டரை மாற்றிவிடலாம். அதில் தேங்கும் தண்ணீர் உறைந்தாலும் மெழுகு அடைத்ததுபோலவே தோன்றும். அதற்கெல்லாம் நேரமில்லாதவர், வெப்பநிலை சுழிக்கு மேல் இருக்கும்போதே, முதலில் மண்ணெண்ணெயும் அதன்மேல் டீசலும் என்ற வரிசையில் ஊற்றி, கலப்பு ஃபில்டர்வரை போய்ச்சேரக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தட்டும். உயவுச் சேர்ப்பான் ஒரு குப்பியும் கூடவே.